ஸ்டால் எடுக்கலாமா, வேண்டாமா: கேம் பப்ளிஷர்கள் கண்காட்சிக்குப் பணம் கட்டும் முன்

கண்காட்சி நடத்துபவர்களிடமிருந்து மெயில் வந்திருக்கும். அரங்கின் வரைபடம், சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு, இந்தத் தேதிக்குள் பதிவு செய்தால் இத்தனை சதவீதம் தள்ளுபடி. எந்த மூலை நல்ல மூலை என்று வரைபடத்தில் பார்க்க ஆரம்பித்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் அதை மூடி வைத்துவிட்டு முதலில் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்தக் கண்காட்சியிலிருந்து திரும்பி வரும்போது நம் கையில் என்ன இருக்க வேண்டும்?

"எங்கள் கேம் உலகத்துக்குத் தெரிய வேண்டும்" என்று எழுதியிருந்தால் ஸ்டால் எடுக்காதீர்கள். பெரிய கண்காட்சிகளால் பப்ளிஷர்களுக்கு இன்னும் பலன் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பலன் மேடை அறிவிப்பை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. இப்போது அது விளையாட உட்காருகிறவரின் கையிலும், மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசுகிற சின்ன மேஜையிலும் இருக்கிறது. பணமும் அங்கேதான் போக வேண்டும்.

முன்பு எதற்குப் பணம் கட்டினோம்

1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் இ3 என்ற கேம் கண்காட்சி முதல்முறையாக நடந்தபோது, சேகா தன் சாட்டர்ன் கன்சோல் 399 டாலருக்கு அன்றைக்கே கடையில் கிடைக்கும் என்று அறிவித்தது. அதே நாளில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பிளேஸ்டேஷனின் விலை அது. ஒரு எண்ணுக்கு அவ்வளவு பலம் வந்ததற்குக் காரணம் அங்கே கூடியிருந்தவர்கள். பண்டிகைக் காலத்துக்கு எந்த கேமை எத்தனை பெட்டி வாங்கி அடுக்குவது என்று முடிவு செய்கிற கடைக்காரர்களும், யாருக்கு எத்தனை பக்கம் ஒதுக்குவது என்று முடிவு செய்கிற பத்திரிகை ஆசிரியர்களும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் வாங்குபவரிடம் போக முடியும். கண்காட்சி ஒரு வாசலாக இருந்தது, அதற்குத்தான் கட்டணம் கட்டினோம்.

இப்போது அந்த வாசல் தேவையில்லை. நின்டெண்டோ 2011இல் நின்டெண்டோ டைரக்ட் என்ற வீடியோ நிகழ்ச்சியை ஆரம்பித்து, 2013இல் இ3 மேடையைக் கைவிட்டு அறிவிப்புகளை அந்த வீடியோவிலேயே செய்துவிட்டது. ஆனால் ஸ்டாலை மட்டும் விடவில்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் இஏ என்ற பெரிய கேம் நிறுவனம் தன் இ3 ஸ்டாலைக் கைவிட்டுத் தனியாக நிகழ்ச்சி நடத்தியது, 2019இல் சோனி வரவே இல்லை, 2023 டிசம்பரில் இ3 நிரந்தரமாக முடிந்தது என்று அறிவித்தார்கள்.

அதோடு கண்காட்சிகளின் காலமே போய்விட்டது என்று எழுதியவர்கள் நிறைய பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் ஜெர்மனியின் கொலோனில் நடக்கும் கேம்ஸ்காமுக்கு 2025இல் 3,57,000 பேர் வந்தார்கள். ஒன்று மூடுகிறது, இன்னொன்று நிரம்பி வழிகிறது என்றால் இரண்டும் விற்ற பொருள் வேறு வேறு என்றுதானே அர்த்தம்? இ3 பொதுமக்களுக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்ததே 2017இல்தான், அதுவரை அது விற்றது வாசலை மட்டும். கேம்ஸ்காமோ, விளையாட வருகிற கூட்டத்துக்கு ஒரு பக்கம், வியாபாரம் பேச வருகிறவர்களுக்குத் தனி அரங்குகள் என்று பிரித்தே வைத்திருந்தது. வாசலின் மதிப்பு விழுந்தது, மற்ற இரண்டின் மதிப்பும் விழவில்லை.

அறிவிப்புதான் வேண்டுமென்றால்

பெரிய நேரலை நிகழ்ச்சியில் ட்ரெய்லர் போட இடம் வாங்கலாம். 2024இல் வெளியான செய்திகளின்படி சம்மர் கேம் ஃபெஸ்ட் நேரலையில் ஒரு நிமிடத்துக்கு 2,50,000 டாலர். இரண்டு மணி நேரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக டஜன் கணக்கில் ட்ரெய்லர்கள் ஓடும்போது, உங்களுக்கு முன்னால் வந்ததும் பின்னால் வந்ததும் பெயர் தெரிந்த கேமாக இருந்தால், உங்களுடையது நடுவில் மூச்சு விடுகிற நேரமாகிவிடும். பிளாக் மித்: வுகாங் 2020 ஆகஸ்டில் எந்த மேடையும் இல்லாமல் ஒரு விளையாட்டுக் காட்சி வீடியோவை இணையத்தில் போட்டே உலகம் முழுக்கப் பேச வைத்தது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2019 பிப்ரவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் வெளியாகி ஒரே வாரத்தில் 2.5 கோடி பேரைச் சேர்த்தது. இவை விதிவிலக்குகள், இதை நம்பித் திட்டம் போடச் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்புக்கு மேடை கட்டாயம் என்ற எண்ணத்தைக் கைவிட இது போதும்.

சின்ன, நடுத்தர பப்ளிஷருக்கு, ஸ்டீம் என்ற இணைய கேம் கடை நடத்தும் டெமோ விழாவான ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் இருக்கிறது, வருஷத்துக்கு மூன்று முறை, கட்டணம் இல்லை, டெமோ மட்டும் தயாராக இருக்க வேண்டும். ஒரு கேம் ஒரே ஒருமுறைதான் கலந்துகொள்ள முடியும். அதனால் அதை அவசரப்பட்டுச் செலவழித்துவிடாதீர்கள். கண்காட்சியில் டெமோவைக் காட்டி, குறைகளைச் சரி செய்து, விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று கேமைக் குறித்து வைக்கிறவர்களின் எண்ணிக்கை) கொஞ்சம் சேர்ந்த பிறகு நெக்ஸ்ட் ஃபெஸ்டுக்குப் போவதுதான் நான் சொல்லும் வரிசை. தலைகீழாகச் செய்தால், ஒரே வாய்ப்பைச் சரி செய்யாத டெமோவுக்குக் கொடுத்துவிட்ட மாதிரி ஆகும்.

எந்தக் கண்காட்சி

இதை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஆட்டக்காரர்களும் வியாபாரப் பேச்சும் ஒரே வாரத்தில் வேண்டுமென்றால் கேம்ஸ்காம். ஜப்பான் சந்தைக்கு டோக்கியோ கேம் ஷோ, அதில் வியாபார நாட்களும் பொதுமக்கள் நாட்களும் தனித்தனி என்பதால் ஆட்களை அதற்கேற்ப அனுப்பலாம். அமெரிக்காவில் கேம் மேல் உயிரையே வைத்திருக்கிற ரசிகர்கள் வேண்டுமென்றால் பேக்ஸ் என்ற ரசிகர் விழா. ஜிடிசி என்ற கேம் மாநாட்டுக்கு வருகிறவர்கள் கேம் உருவாக்குகிறவர்கள், அங்கே விஷ்லிஸ்ட் தேடிப் போகக்கூடாது, ஆள் தேடியும் ஒப்பந்தம் தேடியும் போகலாம்.

தனி ஸ்டாலுக்கு வசதியில்லை என்றால் கேம்ஸ்காமில் சின்னக் குழுக்களின் கேம்களுக்கான இண்டி அரீனா பூத் மாதிரிக் கூட்டு அரங்குகளில் ஒரு மேஜை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வியாபார நுழைவுச் சீட்டு, ஒரு லேப்டாப், இரண்டு கன்ட்ரோலர், இதோடு ஸ்டாலே இல்லாமல் போய்வரலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

நிதானமாக, பல மணி நேரம் ஆடினால்தான் ருசி தெரிகிற வியூக கேம், மேலாண்மை கேம் என்றால் பொதுமக்கள் அரங்கைத் தவிர்த்துவிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் அது தன் மோசமான முகத்தைத்தான் காட்டும்.

கணக்கு போடுவது

இடத்து வாடகை என்று மெயிலில் இருப்பது ஆரம்பம் மட்டும். மின்சாரம் தனி, இணைய இணைப்பு தனி, மேஜை நாற்காலி தனி, கணினி வாடகை தனி, சாமான் அனுப்புவதும் திரும்பக் கொண்டுவருவதும் தனி, அந்த வாரம் பார்த்து ஊரிலுள்ள ஹோட்டல்கள் விலையை ஏற்றுவதும் தனி. இதையெல்லாம் எழுதுகிறவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுவார்கள்: டெமோவைத் தயார் செய்ய டெவலப்பர்கள் கொடுக்கிற வாரங்கள். அந்த வாரங்களில் கேமின் மற்ற வேலை நிற்கும். அந்தச் சம்பளத்தையும் சேர்த்துத் தொகையைப் போடுங்கள்.

அந்த டெமோவை வெளியில் எடுத்து வேறெங்கும் பயன்படுத்த முடியாது, கண்காட்சிக்காகவே அலங்கரித்தது என்றால் செலவு வீண், அதோடு ஆபத்தும். 2012 இ3இல் யூபிசாஃப்ட் காட்டிய வாட்ச் டாக்ஸும் 2014இல் கைக்கு வந்த வாட்ச் டாக்ஸும் பார்க்க ஒன்று போல இல்லை என்ற பேச்சு, கேம் வெளியான பிறகும் அதை விடவில்லை. முடிந்த கேமில் இருக்கப்போவதை மட்டும் டெமோவில் வையுங்கள்.

ஸ்டாலில்

டெமோ பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. கதை முன்னுரை வேண்டாம், யாரும் படிக்கமாட்டார்கள், பின்னால் வரிசை நிற்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இல்லையென்றால் முந்தைய ஆள் விட்ட இடத்தில் அடுத்த ஆள் உட்கார்ந்து விழிப்பார். இணையம் இல்லாமல் ஓட வேண்டும். அதே டெமோ இரண்டு பென்டிரைவில் இருக்க வேண்டும், ஒன்று உங்கள் பையில். கன்ட்ரோலர், ஹெட்போன் இரண்டும் கூடுதலாக வேண்டும். விஷ்லிஸ்ட் பக்கத்துக்குப் போகும் கியூஆர் கோடு, உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்தில் ஒன்று, வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்று.

அப்புறம் மிக முக்கியமானது: பேசாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், கையில் சின்ன நோட்டு. நான் ஒரு சின்ன பப்ளிஷரிடம் வேலை பார்த்தபோது, கண்காட்சியின் இரண்டாம் நாள் மதியம் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி எங்கள் டெமோவில் உட்கார்ந்தாள். இரண்டாவது அறையில் ஒரு ஏணி. ஏற எந்தப் பட்டன் என்று திரையின் மேல் மூலையில் எழுதியிருந்தோம். அவள் அந்த மூலைப் பக்கமே போகவில்லை. கண் முழுக்க ஏணியின் அடியில். வலது கட்டைவிரல் நாலு பட்டனையும் சுற்றிச் சுற்றி அழுத்தியது, அப்புறம் இடது குச்சியை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள், அப்புறம் கன்ட்ரோலரையே கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள், தூக்கினால் ஏறிவிடும் என்பது போல. நாற்பது நொடி இருக்கும். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் மெதுவாக வைத்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டாள். அந்த எழுத்தை நாங்கள் ஏழு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம், அலுவலகத்தில் ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அன்று ராத்திரியே பட்டன் படத்தை ஏணியின் அடியில் கொண்டுவந்து வைத்தோம். மறுநாள் அந்த ஏணியில் யாரும் சிக்கவில்லை.

வீட்டிலிருந்து டெமோ ஆடுகிறவர் அந்த இடத்தில் கேமை மூடிவிட்டிருப்பார், "இரண்டாவது அறையோடு நிறுத்தினார்" என்ற ஒரு எண் மட்டும் நமக்கு வந்திருக்கும். கட்டைவிரல் எங்கே தேடியது என்பது எந்த எண்ணிலும் வராது. நின்டெண்டோ மேடையை விட்ட பிறகும் ஸ்டாலை ஏன் விடவில்லை என்று நான் யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் கைதான் நினைவுக்கு வரும்.

மேஜை

பலருக்கு ஸ்டால் செலவை மீட்டுத் தருவது இந்தப் பக்கம்தான். கன்சோல் நிறுவனங்களின் ஆட்கள், கேமை வேறு கன்சோலுக்கு மாற்றித் தருகிறவர்கள், மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள், உங்களால் எட்ட முடியாத நாட்டில் வெளியிடத் தயாராக இருக்கிற பப்ளிஷர்கள், எல்லோரும் மூன்று நாள் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். மெயிலில் இரண்டு மாதம் இழுக்கிற பேச்சு அரை மணியில் முடியும்.

ஆனால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். ஐந்தாறு வாரத்துக்கு முன்பே நேரம் கேளுங்கள். மீட்டுமேட்ச் போன்ற சந்திப்புத் தளங்களில் பெயரைப் பதிந்து, யாரை ஏன் பார்க்க விரும்புகிறீர்கள் என்று அவரவர்க்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள், ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பினால் பதில் வராது. சந்திப்புகளுக்கு நடுவே இருபது நிமிடமாவது இடைவெளி விடுங்கள், ஒரு அரங்கிலிருந்து இன்னொரு அரங்குக்கு நடக்கவே அவ்வளவு ஆகும். உட்கார்ந்ததும் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், அவர் ஆடட்டும். ஸ்லைடு காட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து உங்களுக்கு என்ன தேவை என்று நேராகச் சொல்லுங்கள்: இந்த கன்சோல், இந்த மாதம், இவ்வளவு பணம். பேசியதை அன்று ராத்திரியே மூன்று வரியில் மெயில் போடுங்கள். மறுவாரம் அவர் மேஜையில் உங்களைப் போல் நாற்பது பேர் இருப்பார்கள்.

திரும்பி வந்த பிறகு

வரிசை நீளமாக இருந்தது என்பது பலன் ஆகாது, கூட்டம் இலவச டீஷர்ட்டுக்கும் நிற்கும். கியூஆர் கோடில் யூடிஎம் இணைப்பு (எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் குறி சேர்த்த இணைப்பு) வைத்திருந்தால் அதிலிருந்து வந்த விஷ்லிஸ்ட் தனியாகத் தெரியும். கண்காட்சி நடந்த நாட்டிலிருந்து அந்த வாரம் வந்ததை முந்தைய வாரத்தோடு வைத்துப் பாருங்கள். நோட்டில் எழுதிய குறைகளில் எத்தனை சரி செய்தீர்கள் என்று எண்ணுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தச் சந்திப்பு கையெழுத்து வரை போனது என்று பாருங்கள். முதலில் எழுதிய அந்த ஒரு வரியை எடுத்து இதோடு ஒப்பிட்டால் அடுத்த வருஷம் பணம் கட்டலாமா என்பது தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் இன்னும் ஒன்று. 2023 ஜூனில் நடக்க இருந்த இ3யை அந்த மார்ச் கடைசியில்தான் ரத்து செய்தார்கள். எங்களுக்கும் வேறொரு கண்காட்சியில் இதே அனுபவம். ரத்து என்று ஒரு வரி மெயில் வந்தது, இடத்துக்குக் கட்டிய பணம் திரும்ப வர எட்டு மாதம் ஆனது, அதற்குள் போட்ட ஹோட்டல் முன்பணம் வரவே இல்லை. நடத்துபவர் ரத்து செய்தால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். ஹோட்டலையும் விமானத்தையும் ரத்து செய்யக்கூடிய வகையிலேயே பதிவு செய்யுங்கள், கொஞ்சம் கூடுதல் விலையானாலும்.