கருப்புப் பசுவுக்குச் சாம்பல் கன்று: இறைச்சிக் கலப்பினங்களில் நிறத்தைப் படிக்கும் முறை

அமெரிக்க மேய்ச்சல் பண்ணைகளில் பசுக்கள் ஈனும் காலம் வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழும். கருப்பு ஆங்கஸ் இனக் காளை விட்ட மந்தையில் எலிச் சாம்பல் நிறத்தில் ஒரு கன்று எப்படி வந்தது? முதல் சந்தேகம் வேலி தாண்டி வந்திருக்கக்கூடிய பக்கத்துப் பண்ணைக் காளைமேல் விழும். பல சமயம் அந்தக் காளைக்கும் கன்றுக்கும் சம்பந்தமே இருக்காது. பசுவின் உடம்பில் வெளியே தெரியாமல் கிடந்த ஒரு மரபணுதான் கன்றில் தலைகாட்டியிருக்கும்.

மாட்டின் நிறத்தைத் தீர்மானிப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில மரபணுக்கள். இனத்தின் குணங்களோ ஆயிரக்கணக்கான மரபணுக்களில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முற்படாமல், எந்தெந்த நிற மரபணு கன்றுக்குள் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். பார்க்கும்போது அடிநிறம், வெளிறல், வெள்ளை, வரி என்ற வரிசையை மாற்றாதீர்கள். வெள்ளைத் திட்டில் கண் போய்விட்டால் அடிநிறத்தைத் தவறவிடுவீர்கள்.

அடிநிறம்

அடிநிறத்தை ஆள்வது எம்சி1ஆர் மரபணு. எந்த நிற மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாகக் கன்றுக்கு வரும். இதில் மூன்று வடிவங்கள் முக்கியம். காரி வடிவம் மற்ற இரண்டையும் அடக்கும். ஆங்கஸ், ஹோல்ஸ்டைன் ஆகியவற்றின் கருப்பு இதுதான். செவலை, அதாவது சிவப்பு வடிவம் எல்லாவற்றுக்கும் அடங்கியது. ஹெரிஃபோர்ட், ரெட் ஆங்கஸ், சிமென்டால் போன்றவற்றில் இரண்டு பிரதியும் செவலை. ஷாரொலே வெள்ளையாகத் தெரிந்தாலும் அதன் அடிநிறமும் செவலையே. நடுவில் நிற்பது காட்டு வடிவம். ஜெர்சி, பிரவுன் ஸ்விஸ், பிராமன் ஆகியவற்றில் இதைக் காணலாம். இதற்கென்று ஒரே நிறம் கிடையாது. தலை, கழுத்து, கால்கள் கறுத்தும், முகவாயைச் சுற்றி வெளிர் வளையம் போட்டும் இருந்தால் காட்டு வடிவத்தை நினையுங்கள்.

காட்டு வடிவமுள்ள திமில் மாடுகளில் வயதோடு நிறமும் மாறும். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து நான்கு மாத வாக்கில் மயிலைக்கு, அதாவது சாம்பல் நிறத்துக்குத் திரும்புவதைக் கொங்கு நாட்டில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கிர், காங்க்ரெஜ், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் வழிவந்த அமெரிக்க பிராமனிலும் பிறந்த நிறம் அப்படியே நிலைப்பதில்லை. எனவே பிராமன் ரத்தமுள்ள கன்றின் நிறத்தைப் பிறந்த வாரத்தில் எழுதிவைத்து, அதையே கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஆங்கஸ் கலப்பிலும் கன்று மயிர் செம்பட்டை ஓடியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் உதிர்ந்த பிறகே அசல் கருப்பு தெரியும். பிறந்தபோது ஒன்று, நான்காம் மாதம் ஒன்று, பால் மறக்கடிக்கும்போது ஒன்று என மூன்று படங்கள் எடுத்து வையுங்கள். மூன்றும் பக்கவாட்டில் நின்ற படங்களாக இருக்கட்டும்.

இரண்டு உண்மைச் செவலைகளுக்குக் காரிக் கன்று பிறக்காது. நிறத்தை மட்டும் வைத்துத் தகப்பனை மறுக்க இதைவிட உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் இரண்டு காரிகளுக்குச் செவலைக் கன்று பிறக்கலாம்: இரண்டும் செவலையை ஒரு பிரதியாக வெளியே தெரியாமல் சுமந்தால் நான்கில் ஒன்று அப்படி வரும். கருப்புக் காளை செவலையைச் சுமக்கிறதா என்று அறிய, அதைச் செவலைப் பசுக்களோடு சேருங்கள். ஒரு செவலைக் கன்று விழுந்தாலே சுமக்கிறது என்பது நிச்சயம். தொடர்ந்து ஏழு கன்றும் காரியாகவே வந்தால், சுமக்கும் காளைக்கு அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 128-ல் 1 மட்டுமே. செவலையைச் சுமக்கும் கருப்புப் பசுக்களைக் கொண்டு இதே உறுதியை எட்ட 17 கன்றுகள் தேவைப்படும்.

வெளிறல்: குழப்பத்தின் ஊற்று

சாம்பல் கன்றுக்கு வருவோம். பிமெல் என்ற மரபணுவின் மாறிய வடிவம் அடிநிறத்தை வெளிற வைக்கிறது. ஷாரொலேயில் உள்ள மாற்றம் ஒன்று. ஹைலேண்ட், காலவே, சிமென்டால் ஆகியவற்றில் உள்ள மாற்றம் வேறு. ஷாரொலே வெளிறல் ஒரு பிரதி இருந்தால் காரி புகைச் சாம்பலாகும், செவலை வெளிர் மஞ்சளாகும். இரண்டு பிரதி இருந்தால் ஏறக்குறைய வெள்ளை. ஆகவே ஆங்கஸ் பசுவுக்கு ஷாரொலே காளை சேர்ந்தால் எல்லாக் கன்றும் புகை நிறமாக இருப்பதே இயல்பு. அந்தப் புகைநிறக் கிடாரியை மறுபடி ஷாரொலேயோடு சேர்த்தால் பாதிக் கன்றுகள் வெள்ளையை ஒட்டி வரும். சுத்தமான காரி ஆங்கஸோடு சேர்த்தால் பாதி காரி, பாதி புகை.

இந்த மரபணு ஒளிந்துகொள்ளும் இடம் செவலைப் பசு. காரியின்மேல் வெளிறல் பளிச்சென்று தெரியும். செவலையின்மேல் விழுந்தால் 'கொஞ்சம் வெளுத்த செவலை' என்று கண் கடந்துபோய்விடும். சந்தையில் செவலை என்று வாங்கிய பசுவுக்கும் காரிக் காளைக்கும் எலிச் சாம்பல் கன்று பிறப்பது இப்படித்தான். பசுவை நல்ல வெயிலில் நிறுத்தி, உண்மையான ரெட் ஆங்கஸின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செங்கல் நிறத்துக்குப் பதில் வைக்கோல் நிறம் தட்டினால் வெளிறல் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிமென்டால் வெளிறலில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த வெளிறல் ஒரு பிரதியும் காரி ஒரு பிரதியாவதும் ஒரே கன்றில் சேர்ந்தால் 'எலிவால்' குறை வரலாம். மயிர் சுருண்டு, குட்டையாகி, சில இடங்களில் அடர்த்தியே இல்லாமல் போகும்; வால் நுனியில் குஞ்சம் இருக்காது. பால் குடிக்கும் வயதில் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியாது. பால் மறந்த பின் வருகிற குளிர்காலத்தில்தான் எடை கூடுவது குறைகிறது, போர்வை போலக் காக்க மயிர் இல்லாததால். இந்தக் குறை செவலைக் கன்றில் வராது. மஞ்சள் நிறச் சிமென்டால் பசுக்கள் இருக்கும் மந்தைக்குக் காரி ஆங்கஸ் காளைக்குப் பதில் ரெட் ஆங்கஸ் காளை வாங்கினாலே இந்தத் தொல்லை தீர்ந்தது.

டெக்ஸ்டர் இனத்தின் பழுப்பு இவற்றோடு சேராது. அது டைர்ப்1 என்ற வேறு மரபணு. இரண்டு பிரதி இருந்தால்தான் வெளிப்படும். ஒரு தலைமுறைக் கலப்பில் அது கண்ணில் படாது.

புகையா, ரோனா?

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் நீலச் சாம்பல்தான். விலாவிலிருந்து ஒரு சிட்டிகை மயிரைப் பிடுங்கி வெள்ளைத் தாள்மேல் பரப்புங்கள். ஒவ்வொரு மயிரும் சாம்பலாக இருந்தால் அது வெளிறல். முழுக் கருப்பு மயிரும் முழு வெள்ளை மயிரும் கலந்து கிடந்தால் அது ரோன். ஒரு நிமிட வேலை. பல வாக்குவாதங்களை முடித்துவைக்கும்.

ரோன் ஷார்ட்ஹார்ன், பெல்ஜியன் புளூ இனங்களின் சொத்து. ஒரு பிரதி ரோன், இரண்டு பிரதி வெள்ளை. வெள்ளை ஷார்ட்ஹார்ன் காளைக்கும் கருப்புக் காலவே பசுவுக்கும் பிறக்கும் 'புளூ கிரே' பசுக்கள் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லை மலைகளில் நெடுங்காலமாக மதிப்புப் பெற்றவை. ஆனால் ரோனுக்கு ரோனைச் சேர்த்து ரோன் மந்தை உண்டாக்க முடியாது: கால்வாசி வெள்ளை, பாதி ரோன், கால்வாசி ஒற்றை நிறம் என்றுதான் பிரியும். அந்த வெள்ளைக் கிடாரிகளில் சிலவற்றுக்கு இனப்பெருக்கப் பாதை முழுதாக உருவாகாமல் சினை பிடிக்காது. வெள்ளைக் கிடாரியை வளர்ப்புக்கு வாங்குமுன் கால்நடை மருத்துவரைக் கொண்டு கருப்பையைச் சோதித்துவிடுங்கள்.

வெள்ளை முகம்

ஹெரிஃபோர்டின் வெள்ளை முகத்துக்கு ஒரு பிரதி போதும். ஆங்கஸோடு சேர்ந்தால் கருப்பு உடம்பும் வெள்ளை முகமும் கொண்ட 'பிளாக் பால்டி'. ஆனால் வெள்ளை முகம் என்றாலே ஹெரிஃபோர்ட் என்று முடிவுகட்டக் கூடாது. சிமென்டாலும் அதைத் தரும். ஹெரிஃபோர்ட் கலப்பில் கண்ணைச் சுற்றி நிறமில்லாவிட்டால் வெயில் மிகுந்த ஊரில் கண் புற்று வரும் ஆபத்து அதிகம். கண்ணிமையில் நிறமுள்ள கிடாரிகளையே வளர்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குணம் கன்றுக்கும் இறங்கும்.

புலிவரி

டெக்சாஸ், லூசியானா, புளோரிடா கரையோரப் பண்ணைகளில் பிராமனுக்கும் ஹெரிஃபோர்டுக்கும் பிறந்த புலிவரிக் கிடாரிக்கு நல்ல விலை. வெப்பம் தாங்கும், உண்ணியைச் சமாளிக்கும், நன்றாகப் பால் கொடுத்துக் கன்றை வளர்க்கும். புலிவரி தெரிய வேண்டுமானால் அடிநிறம் காட்டு வடிவமாக இருக்க வேண்டும். காரியும் மறைத்துவிடும், செவலையும் மறைத்துவிடும். அதனால் வரியே இல்லாத செவலை மாடு வரி மரபணுவைச் சுமந்து, கன்றுக்குக் கொடுக்க முடியும்.

விலை கொடுப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். வரி இருப்பதாலேயே ஒரு கிடாரி முதல் தலைமுறைக் கலப்பாகிவிடாது. கால்பங்கு பிராமனிலும் வரி வரும், பிராமனே கலக்காத ஜெர்சிக் கலப்பிலும் வரும். காதின் நீளம், அலைதாடி, தொப்புள் தோலின் தொங்கல், திமில் ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். வரி மட்டும் இருந்து இந்த நான்கும் சுருங்கியிருந்தால், அரைப் பிராமனுக்குரிய விலையைக் கொடுக்காதீர்கள்.

கொம்பு

ஆங்கஸ் இனம் மொட்டை, கொம்பில்லாதது. மொட்டை மரபணு கொம்பை அடக்கும். ஆகவே ஆங்கஸ் காளையின் கன்றுக்கு உறுதியான கொம்பு முளைத்தால் தகப்பனைச் சந்தேகிக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. தோலோடு ஆடும் போலிக்கொம்பு வேறு, மண்டையோட்டில் வேரூன்றிய கொம்பு வேறு. சுமார் இரண்டு மாதம்வரை உண்மையான கொம்பின் மொட்டும் மண்டையோட்டில் ஒட்டாமல் ஆடும் என்பதால், நான்கு மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். பிராமன் கலப்புக் காளங்கன்றுகளில் போலிக்கொம்பு சாதாரணம்.

கருப்புத் தோலும் சதையும்

அமெரிக்கச் சந்தையில் கருப்புக் கன்றுக்கு விலை கூடுவதற்கு 1978-ல் தொடங்கிய 'சர்டிஃபைட் ஆங்கஸ் பீஃப்' திட்டம் பெரிய காரணம். உடம்பில் பெரும்பகுதி கருப்பாக இருப்பது அதன் நுழைவு நிபந்தனை. திமில் 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அதன்பின் சதையின் கொழுப்புப் படிவு தனியாகத் தரம் பார்க்கப்படும். இந்த விலைக்காகவே சிமென்டால், லிமோசின் இனங்களிலும் ஆங்கஸ் வழியாகக் காரி மரபணு ஏற்றப்பட்டது. இன்று கருப்புக் கன்றைப் பார்த்து ஆங்கஸ் என்று சொல்வது வெறும் ஊகம். காரி மரபணு கொழுப்பைத் தருவதில்லை; ஆங்கஸின் மற்ற மரபணுக்கள் தருகின்றன.

பெல்ஜியன் புளூவிலும் அப்படியே. ரோனும் இரட்டைத் தசையும் தனித்தனி மரபணுக்கள். சாதாரணத் தொடையுள்ள ரோன் கன்று வருவதில் வியப்பில்லை. தசையைப் பெருக்கும் மயோஸ்டாட்டின் மாற்றம் ஒரு பிரதி இருந்தால் லாபம். இரண்டு பிரதி சேர்ந்தால் ஈனுவது கடினமாகி, வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுக்கும் நிலை வரும். பெல்ஜியன் புளூ கலப்புப் பசுவுக்கு மறுபடி பெல்ஜியன் புளூ காளையையோ, இரட்டைத் தசையுள்ள இன்னொரு இனமான பீட்மான்டீஸ் காளையையோ சேர்க்காதீர்கள்.

மரபணுவைக் குறை சொல்லும் முன்

காரி மாடு துரு நிறத்துக்குத் திரும்பி, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மாட்டியதுபோல மயிர் வெளுத்தால் தாமிரச் சத்துக் குறைவை நினையுங்கள். தண்ணீரில் கந்தகமோ தீவனத்தில் மாலிப்டினமோ மிகுந்தாலும், கொடுத்த தாமிரம் உடம்பில் சேராது. ஒரு மாட்டில் மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். மந்தையில் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் வந்தால் தீவனத்தையும் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்புங்கள். அளவு தெரியாமல் தாமிரத்தைக் கூட்டினால் ஈரலுக்குக் கேடு.

சந்தேகம் தீராவிட்டால் மரபணுச் சோதனைதான். வால் குஞ்சத்தில் சாணமில்லாத இடமாகப் பார்த்து 20 முதல் 30 மயிரை வேரோடு பிடுங்குங்கள். வெட்டக் கூடாது, ஆய்வுக்கு வேண்டியது வேரிலுள்ள செல்கள். வேரைத் தொடாமல், ஆய்வகம் தரும் அட்டையிலோ காகித உறையிலோ காயவைத்து அனுப்புங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அடிநிறம், வெளிறல், கொம்பு, மயோஸ்டாட்டின் நான்கையும் ஒரே மாதிரியில் கேட்கலாம். இரட்டைக் கன்றுக்கு ரத்தம் எடுத்து அனுப்பாதீர்கள்: கருப்பையில் இரண்டின் ரத்தமும் கலந்திருக்கும், கூடப் பிறந்ததன் மரபணுவும் முடிவில் வந்துவிடும். தகப்பன் யார் என்று கேட்பதானால் மந்தையில் நின்ற எல்லாக் காளைகளின் மயிரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். காளை விட்ட தேதியையும் ஒப்பிடுங்கள். ஆங்கஸ் கன்றுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், பிராமனுக்கு 290-ஐ ஒட்டி. பத்து நாள் வித்தியாசத்திலேயே ஒரு காளை கணக்கிலிருந்து விலகிவிடலாம்.