டிமென்ஷியா உள்ளவருக்கு வி.ஆர்.: கண்ணில் மாட்டிவிட்டால் மட்டும் போதாது

கண்ணில் மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பதுபோல் சுற்றிலும் காட்சி காட்டும் வி.ஆர். (மெய்நிகர் உண்மை) கருவி, டிமென்ஷியா என்னும் மறதி நோயைக் குணப்படுத்தாது. மறந்துபோன பேரன் பெயரை மீட்டுத் தரும் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதனால் ஆகக்கூடியது வேறு. இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் இருந்த 41 முதல் 88 வயது வரையான 8 டிமென்ஷியா நோயாளிகளுக்குக் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காடு, கடற்கரை, தேவாலயம் போன்ற காட்சிகளைக் காட்டினார்கள். 2019இல் முடிவுகள் வெளிவந்தன. ஒருவருக்குக் காட்சியில் வந்த பாலத்தைப் பார்த்ததும் பழைய பயணம் ஒன்று நினைவுக்கு வந்தது. இன்னொருவர் பிறகு ஓவிய வகுப்பில் கடற்கரையை வரைந்தார். 8 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் வெளியே போகவே வழியில்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இந்தப் பலனைக் கெடுக்கும் முதல் தவறு, சொல்லாமல் கொள்ளாமல் கருவியை மாட்டிவிடுவது. அரை கிலோ எடையுள்ள ஒன்று திடீரென்று முகத்தை மூடுகிறது, அறை மறைகிறது, பக்கத்தில் இருந்த மகளும் காணாமல் போகிறாள். யாராக இருந்தாலும் பயம் வரும். முதலில் அதே காட்சியை டேப்லெட்டில் காட்டுங்கள். கருவியைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்க விடுங்கள். பட்டையை இறுக்காமல், கண்ணருகே பிடித்து ஒரு நிமிடம் காட்டினாலே போதும். "அப்பா, இப்ப கடல் தெரியும். நான் பக்கத்துலயேதான் இருக்கேன்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; பார்க்கும்போதும் உங்கள் குரல் கேட்கட்டும். கழற்றும்போதும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து சட்டென்று கட்டிலுக்குத் திரும்பினால் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குப் புரியாது.

அடுத்தது, பரீட்சை வைப்பது. "இது எந்த ஊர், சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்டால் பதில் வராதபோது அவமானம்தான் மிஞ்சும். "தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு!" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவர் அதைத் தன் ஊர்க் கடல் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், திருத்தாதீர்கள்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பதிலும் கோட்டை விடுகிறோம். 'தி வேபேக்' என்று 2018இல் பிரிட்டனில் ஒரு வி.ஆர். படம் வெளியிட்டார்கள். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு நாளன்று தெருவே கூடிக் கொண்டாடியதை மறுபடி உருவாக்கிய படம் அது. அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது உயிர். மதுரைப் பாட்டிக்கு அதில் என்ன இருக்கிறது? சுற்றிலும் எல்லாத் திசையையும் பதிவுசெய்யும் 360 டிகிரி கேமராவில் அவர் வளர்ந்த தெருவையோ குளக்கரையையோ யாராவது எடுத்துக் கொடுத்தால் அதுதான் அவருக்குப் பேசும். கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். உடம்பு அசையாமல் காட்சி மட்டும் நகர்ந்தால் தலை சுற்றும், குமட்டும். ரோலர் கோஸ்டர் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

லூயி பாடி வகை டிமென்ஷியாவில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது சகஜம். அவர்களுக்கும், வலிப்பு உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. மற்றவர்களையும் நிற்க வைக்காமல், கைப்பிடி உள்ள, சக்கரமில்லாத நாற்காலியில் உட்கார வைத்துத்தான் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும். பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடும், அதனால் காலை நேரம் நல்லது. அவர் பார்ப்பது உங்கள் போனிலும் தெரியும்படி இணைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எதைக் கண்டு மிரண்டார் என்பதே உங்களுக்குத் தெரியாது.

அப்புறம், சம்மதம். மகன் சரி என்றது அப்பா சரி என்றதாகாது. நேற்று ரசித்தவர் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், கை கருவியைத் தள்ளினால், அது வேண்டாம் என்பதுதான். "இவ்வளவு செலவு பண்ணி வாங்கியிருக்கோமே" என்று கெஞ்சி மாட்டிவிடாதீர்கள். சிலருக்கு இது கடைசிவரை ஒத்துவராது. அதே காட்சியை டிவியில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள்.