இலங்கைப் பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சி: ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகில் இலங்கைத் தீவில் மட்டுமே இயற்கையாக வாழும் இலங்கைப் பறவைச்சிறகு, 2009இல் அந்நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. சிறகு விரிப்பு சுமார் 16 முதல் 18 சென்டிமீட்டர் வரை இருக்கும் இதனை விரும்பாதவர் இல்லை. ஆனால் அந்த விருப்பம் பெரும்பாலும் சிறகு முளைத்த பிறகுதான் தொடங்குகிறது. தவறுகள் நிகழ்வதோ அதற்கு முந்தைய பருவங்களில்.

இதை வளவுக்கு வரவழைக்க எண்ணுவோர் முதலில் செவ்வரத்தை, நாயுண்ணி போன்ற பூச்செடிகளை நடுகிறார்கள். தேன் குடிக்க அது வரக்கூடும். ஆனால் தங்கிப் பெருகாது. ஏனெனில் புழுக்கள் உண்பவை ஈசுவரமூலிக் கொடியும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில செடிகளும் மட்டுமே. பெண் பூச்சி இலைமேல் படபடத்து நின்று, முன்கால்களால் தட்டிச் சுவையறிந்து, உரிய செடிதான் என்று தெளிந்த பின்பே முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகிறது.

இத்தனை கவனமான தாயும் ஏமாறுகின்ற இடம் ஒன்று உண்டு. அழகுக்காக விற்கப்படும் தென் அமெரிக்க ஈசுவரமூலி இனங்களை, ‘எல்லாம் ஒரே கொடிதானே’ என்று வாங்கி நடுவதே ஆகக் கொடிய தவறு என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பறவைச்சிறகு என்னும் உறவினம், அவ்வாறு பரவிய அயல்கொடியில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழுக்கள் அந்த இலையைத் தின்றே மடிகின்றன. உள்நாட்டுக் கொடி கிடைக்காவிட்டால் எதையும் நடாமல் இருப்பது நல்லது.

கொடி தளிர்த்து இலைகள் ஓட்டையாகத் தொடங்கியதும் அடுத்த தவறு நேர்கிறது. கருஞ்சிவப்பு நிறமும், சதைப்பற்றுள்ள முட்களைப் போன்ற நீட்சிகளும், உடலின் நடுவே சாய்ந்த வெண்பட்டையும் கொண்ட புழுவைக் கண்டு அஞ்சி மருந்தடிக்கிறார்கள். அந்த நீட்சிகள் குத்துவதில்லை; தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னிருந்து ஆரஞ்சு நிறக் கவை ஒன்றை வெளியே நீட்டி நாற்றம் வீசும், அவ்வளவுதான். வளர்ந்த புழு தண்டையும் கடித்துக் கொடியைக் காயவைப்பதுண்டு. பட்டுவிட்டதென எண்ணி வேரோடு பிடுங்கிவிட வேண்டாம். நிலத்தடி வேரிலிருந்து கொடி மீண்டும் துளிர்க்கும்.

இன்னொன்று: ஈசுவரமூலியில் காணும் புழுக்கள் எல்லாமே பறவைச்சிறகின் பிள்ளைகள் அல்ல. ரோஜா வண்ணத்துப்பூச்சிகளும் அதே கொடியில்தான் வளர்கின்றன. அவற்றுள் ஒன்றின் புழுவுக்கும் நடுவில் வெண்பட்டை உண்டு என்பதால், சிறிய பருவத்தில் பார்த்த மாத்திரத்தில் பெயர் சூட்டுவது பிழையாக முடியலாம்.

புழுக்களைக் காப்பாற்றுவதாகக் கருதி ஒரே பெட்டியில் பலவற்றை அடைப்பதும் நல்லதன்று. இலை குறைந்தால் பெரிய புழு சிறியதையே தின்றுவிடக்கூடும். அத்துடன், இவ்வினம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது என்பதால், பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். பறவைச்சிறகு இனங்களின் பன்னாட்டு வணிகத்தையும் சைட்டிஸ் என்னும் காட்டுயிர் வணிக உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது.

முற்றிய புழு பெரும்பாலும் உணவுக் கொடியை விட்டு விலகி, அருகிலுள்ள புதரிலோ குச்சியிலோ பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு காய்ந்த இலைபோன்ற கூட்டுப்புழுவாக மாறும். எனவே, கொடியை மட்டும் விட்டுவைத்துச் சுற்றியுள்ள பற்றைகளைத் துப்புரவாக்குவோர், அறியாமலேயே கூட்டுப்புழுக்களையும் சேர்த்து வெட்டி எரிக்கிறார்கள்.

வாழிடத்தைப் பற்றியும் இதே குழப்பம் நிலவுகிறது. சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளில் உயர மரங்களின் மேல் இது மிதப்பதைக் கண்டவர்கள், மரங்களைக் காத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பெண் பூச்சி முட்டையிட இறங்கி வருவதோ நிழல் படர்ந்த கீழ்மட்டத்துக்கு. புழுக்களின் மற்றோர் உணவான, ‘தபசர புலத்’ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் குறுஞ்செடியும் அங்கேதான் வளர்கிறது. மேல்மரங்களை விட்டுவிட்டுக் கீழ்ச்செடிகளை அழித்தால், பறக்கும் தலைமுறையே கடைசித் தலைமுறையாகலாம்.

மருந்துக்காக ஈசுவரமூலியின் வேரைத் தோண்டியெடுப்பதும் கொடியை அருகச் செய்கிறது. புழு தன் உடலில் சேமித்துப் பகைவரை விரட்டும் அரிஸ்டோலோகிக் அமிலம், மனிதரின் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் புற்றுநோயை உண்டாக்குவதும் உறுதிசெய்யப்பட்ட நஞ்சு. வேரைக் கைமருந்தாகத் தின்பவர் கொடியையும் இழக்கிறார், தம் உடலையும் கெடுத்துக்கொள்கிறார்.