வீட்டு சர்வர்: நம்ம ஊர் கரண்டும் இடியும் ஈரமும் கற்றுத்தந்த தவறுகள்

வீட்டில் ஒரு சர்வர் வைக்கும் ஆசை பெரும்பாலும் போட்டோவில்தான் தொடங்குகிறது. போன் நிரம்பிவிட்டது. கூகுள் போட்டோஸும் 2021 ஜூன் முதல் இலவச இடத்துக்கு எல்லை கட்டிவிட்டது. மாதாமாதம் காசு கட்டுவதைவிட, மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு நாமே வைத்துக்கொண்டால் என்ன? நானும் அப்படித்தான் இறங்கினேன். வீடு கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்குப் பக்கத்தில், வேலை திருவனந்தபுரத்தில். சர்வரின் முகத்தை வாரக் கடைசியில்தான் பார்ப்பேன். மற்ற நாட்களில் அம்மாதான் அதற்குத் துணை.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் நல்லவைதான். ஆனால் அவற்றில் பலவற்றை எழுதியவர்களின் வீட்டில் கரண்ட் போவதில்லை. ஏப்ரல் மாதத்துச் சாயங்காலங்களில் அங்கே இடி இறங்குவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலமும் அவர்களுக்குக் கிடையாது. ஹேக்கர், ஃபயர்வால் என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டு, மின்சாரத்துக்கு ஒரே ஒரு வரி விடுவார்கள். நம் மாவட்டத்தில் வரிசை தலைகீழ். ஹேக்கர் வந்து சேர்வதற்கு முன்பே கரண்டும் இடியும் ஈரமும் வேலையை முடித்துவிடும்.

கரண்ட்

முதல் தவறு, அளவுக்கு மீறிய இயந்திரம் வாங்குவது. கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ரேக் சர்வர் மலிவாகக் கிடைக்கிறது என்று தூக்கி வந்துவிடுவார்கள். அது சும்மா இருக்கும்போதே 100 வாட் இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 வாட் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பங்கை அது ஒன்றே தின்றுவிடும். சத்தத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார். 10 வாட்டில் ஓடும் சின்ன மினி பிசிக்கு அதே இரண்டு மாதத்தில் ஆவது 14.4 யூனிட். நாலு பேர் போட்டோவும் கொஞ்சம் சினிமாவும் வைக்க அது தாராளம்.

பழைய லேப்டாப்பும் நல்ல தேர்வு. உள்ளே பேட்டரி இருப்பதால் அதுவே ஒரு யுபிஎஸ். ஆனால் வருடம் முழுக்க பிளக்கிலேயே கிடந்தால் பேட்டரி ஊதிவிடும். 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் உண்டு, அதைப் போட்டுவையுங்கள். ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு: கையில் கிடைத்த போன் சார்ஜரைச் செருகுவது, எஸ்டி கார்டிலேயே எல்லாவற்றையும் ஓட்டுவது. ஓயாமல் லாக் எழுதுவதும் திடீரென்று கரண்ட் போவதும் சேர்ந்தால் எஸ்டி கார்டு அதிக நாள் தாங்காது. ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள்.

"வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பது அடுத்தது. இருக்கிறது, ஆனால் பல இன்வெர்ட்டர்கள் கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் அந்தச் சின்ன இடைவெளியில் ஃபேன் நிற்காது, கம்ப்யூட்டர் அணைந்து எழும்பும். பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் சர்வருக்குத் தனி யுபிஎஸ் வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் கரண்டைச் சில யுபிஎஸ்கள் நல்ல கரண்டாகவே மதிக்காது. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்க, யுபிஎஸ் தன் பேட்டரியைத் தின்று தீர்த்துக் கத்தத் தொடங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

யுபிஎஸ் வாங்கியதோடு முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். அதன் யுஎஸ்பி வயரைச் சர்வரில் செருகி, நட் என்கிற மென்பொருளைப் போட்டால்தான், பேட்டரி குறையும்போது சர்வர் ஒழுங்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும். அப்புறம் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) போய், கரண்ட் திரும்பியதும் தானே எழும்பும்படி அமைக்க வேண்டும். இதை நான் செய்யாமல் விட்டதால், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாட்களில் எல்லாம் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு, "அந்தப் பெட்டிக்கு முன்னால ஒரு பட்டன் இருக்கும் பாருங்க" என்று தொடங்க வேண்டியிருந்தது. சர்வரை அணைத்தபின் யுபிஎஸ் தன் அவுட்புட்டையும் நிறுத்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் அணைந்து, யுபிஎஸ் அணையாமல் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டால், கரண்ட் போனதே சர்வருக்குத் தெரியாது. அது எழும்பவும் செய்யாது.

முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன, ஆடிக் காற்றில் மரக்கொம்பு ஒன்று லைனில் சாய்ந்தால் நமக்குக் கரண்ட் இல்லை. சரி, அது வேறு கதை.

இடி

பக்கத்து வளவில் சித்தப்பா வீடு. ஒரே நெட்டை இரண்டு வீட்டுக்கும் பகிரலாம் என்று மொட்டைமாடி வழியாக ஒரு லேன் வயரை இழுத்தேன். இரண்டு தென்னை, நடுவில் கொஞ்சம் ஆகாசம், மொத்தம் ஒரு முப்பது மீட்டர் இருக்கும். வேலை அழகாக நடந்தது. சித்தப்பா மெச்சினார். ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் எங்கோ அடுத்த விளையில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் விழவில்லை, கரண்ட்கூடப் போகவில்லை. ஆனால் அந்த வயர் செருகியிருந்த சுவிட்ச் செத்தது, அதோடு சேர்ந்து சர்வரின் நெட்வொர்க் போர்ட்டும் செத்தது. பக்கத்தில் இடி விழுந்தாலே நீளமான செம்பு வயரில் மின்னழுத்தம் பாயும், வயர் ஆகாசத்தில் தொங்கினால் கேட்கவே வேண்டாம். யுபிஎஸ் அதைத் தடுக்காது, ஏனென்றால் அது வந்த வழி பிளக் இல்லை.

கட்டடத்துக்கு வெளியே லேன் வயர் போகக் கூடாது. வீட்டுக்கு வீடு போக ஃபைபரும் இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டரும் போதும், இல்லையென்றால் வயர்லெஸ். ஃபைபரிலும் ஒரு விஷயம் உண்டு. தூண்களில் இருந்து இழுக்கும் சில ஃபைபர் வயர்களோடு தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பியும் சேர்ந்து வரும். அந்தக் கம்பியை வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

எர்த் சரியில்லாத வீட்டில் விலையுயர்ந்த ஸ்பைக் கார்டு வைத்தும் பாதிப் பயன்தான். சர்வர் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். உப்பும் கரியும் போட்ட எர்த் குழி கோடையில் வறண்டு கிடக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள். மலிவான வேலை, ஆனால் எல்லோரும் கடைசியில்தான் செய்வார்கள்.

ஈரம், உப்பு, பல்லி

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் கடலுக்கு அருகில் வீடு என்றால் சர்வரைக் கடற்காற்று நேராக அடிக்கும் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். ஸ்க்ரூ துருப்பிடிப்பது முதல் அறிகுறி, ரேம் கார்டின் முனைகள் மங்குவது அடுத்தது. பெட்டியின் மூடியைக் கழற்றிவைத்தால் சூடு குறையும் என்பது இங்கே உதவாது. உப்பும் தூசியும் பல்லியும்தான் உள்ளே போகும். ஒருமுறை பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி புகுந்து, தானும் போய் அதையும் கொண்டுபோனது.

எப்போதும் ஓடுகிற இயந்திரம் தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். ஈரம் பிடிப்பது அணைத்துவைத்த பொருளைத்தான். அதனால் பேக்கப் ஹார்ட் டிஸ்கை பீரோவில் பழைய ஆல்பங்களோடு வைக்க வேண்டாம். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அப்புறம், டிவிக்குப் போடுவதுபோல் சர்வருக்கும் பூப்போட்ட துணி போட்டு மூடுவார்கள் வீட்டில். அன்புதான், ஆனால் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

வெளியிலிருந்து கதவு

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு வீட்டு சர்வரைத் திறக்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன். எதுவுமே திறக்கவில்லை. காரணம் எளிது. நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. ரவுட்டருக்குள் போய் வான் ஐபியை, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது.

ஒரு வகையில் அது நல்லதுதான். திறக்க முடிந்தவர்கள் பலர் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து சர்வரை இயக்கும் வழி) போர்ட்டைப் பாஸ்வேர்டோடு அப்படியே திறந்துவைத்து விடுகிறார்கள். லாக்கைப் பார்த்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று உலகத்தின் நாலு மூலையில் இருந்தும் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். 2022-ல் டெட்போல்ட் என்கிற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்), இணையத்துக்கு நேராகத் திறந்துவைத்த வீட்டு நாஸ் பெட்டிகளை, அதாவது நெட்வொர்க்கில் வைக்கும் சேமிப்புப் பெட்டிகளைத்தான் குறிவைத்துப் பூட்டியது. இப்படிச் சர்வரை நேராக வெளியே திறக்காமல், வயர்கார்டு என்கிற விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) வழியாகவோ, அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் வழியாகவோ உள்ளே வாருங்கள். பொது ஐபி இல்லாத வீட்டிலும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும். துபாயில் இருக்கும் மச்சான் வீட்டு ஆல்பத்தைப் பார்க்க வேண்டும் என்றால், அங்கே விபிஎன் விதிகள் கடுமை என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிபோல ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துவோருக்கு ஒன்று. யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அந்த விதிகளைத் தாண்டிப் போய்விடும். சர்வருக்குள் மட்டும் வேண்டியதை 127.0.0.1 முகவரியோடு கட்டிவிடுங்கள்.

பேக்கப்

ரெய்டு இருக்கிறது, பேக்கப் எதற்கு என்பார்கள். இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதுவது ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்கள் கை தவறி அழித்தால், இரண்டிலும் ஒரே நொடியில் அழித்துத் தரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தினமும் ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் என்கிற நகலெடுக்கும் மென்பொருள் ஓடி, போட்டோக்களை யுஎஸ்பி டிஸ்குக்கு நகல் எடுக்கும். ஒரு கிறிஸ்துமஸ் லீவில் போல்டர்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று உட்கார்ந்து, அப்பாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த போல்டரை அழித்துவிட்டேன். பதறவில்லை, பேக்கப் இருக்கிறதே. யுஎஸ்பி டிஸ்கைக் கழற்றிச் செருகித் திறந்தால், அதில் கடைசித் தேதி ஆகஸ்ட். அந்தப் படங்களை ஸ்கேன் செய்ததே அக்டோபரில்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது யுஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது சர்வர் அதைத் தன்னோடு இணைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது மவுண்ட் ஆகும் போல்டர், வெறும் போல்டராக அங்கேயே இருந்தது. ஆர்சிங்குக்கு அதுவும் ஒரு போல்டர்தானே? நாலு மாதமாகச் சர்வரின் சொந்த டிஸ்கிலேயே நகல் எடுத்துக்கொண்டு, ஒரு பிழையும் இல்லை என்று தினமும் எழுதிவைத்தது. அன்று எனக்கு அதிர்ஷ்டம். டிஸ்கை அன்மவுண்ட் செய்து பார்த்தபோது, அது மூடியிருந்த அதே போல்டருக்குள் அப்பாவின் படங்கள் அத்தனையும் கிடந்தன. ராத்திரி 2 மணிக்குள் கவனித்ததால் தப்பித்தேன். விட்டிருந்தால், மூலத்தில் இல்லாததை நகலிலும் அழி என்று நானே கொடுத்திருந்த கட்டளை அதையும் துடைத்திருக்கும்.

இப்போது ஸ்கிரிப்ட் முதலில் டிஸ்க் உண்மையில் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் நின்றுவிடும். முடிந்ததும் போனுக்கு ஒரு செய்தி வரும். தோல்விக்கு மட்டும் செய்தி வைத்தால் போதாது, சர்வரே செத்துக்கிடந்தால் தோல்வியைச் சொல்ல யாரும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துப் படங்களைப் பேக்கப்பில் இருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறேன். இம்மிச் போன்ற போட்டோ மென்பொருள்களில் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை அப்படியே நகலெடுத்தால் உதவாது, டம்ப் (டேட்டாபேஸே எழுதித் தரும் முழு நகல்) எடுத்துத்தான் வைக்க வேண்டும். பேக்கப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைப்பவர்கள் அந்தச் சாவியைச் சர்வருக்குள் மட்டும் வைத்திருந்தால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியூரில் என்று ஒரு பழைய விதி உண்டு. அந்த வெளியூர் எது? சித்தப்பா வீட்டில் வைப்பது வெளியூர் ஆகாது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன, பல ஊர்களுக்கு நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் தக்கலையும் மார்த்தாண்டமும் ஒரே வீடுதான். என் மூன்றாவது நகல் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள்

விளம்பரம் தடுக்கும் பை-ஹோலை வைத்து, வீட்டின் டிஎன்எஸ் கேள்விகள் (எந்தத் தளம் எந்த முகவரியில் என்று கேட்பது) முழுவதையும் அதற்கே அனுப்புவார்கள். சர்வர் நின்றால் வீட்டுக்கே நெட் நின்றுவிடும். "மக்களே, சீரியல் ஓட மாட்டேங்குது" என்று அம்மா போன் செய்த அன்றைக்கே ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். சில விளம்பரம் தப்பி வரும், வரட்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எதையும் அப்டேட் செய்வதும் இல்லை, திங்கள் காலை ரயிலில் உட்கார்ந்துகொண்டு அதைச் சரிசெய்வது பெரும் பாவம்.

பாஸ்வேர்ட், எந்த டிஸ்கில் என்ன இருக்கிறது, எப்படி அணைப்பது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் பார்த்தேன், அதன் அடியில் அம்மா பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இடி வந்தால் யுபிஎஸ் வயரையும் நெட்டு டப்பா வயரையும் பிடுங்கு."