பிடித்த கதைமாந்தராக வேடம் அணிவது எப்படி?

பள்ளி மாறுவேடப் போட்டிக்கோ வாசகர் வட்டக் கூடலுக்கோ நமக்குப் பிடித்த கதைமாந்தராக வேடம் அணிய வேண்டும் என்றவுடன், பெரும்பாலோர் நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடைக்குத்தான் முதலில் செல்கிறார்கள். அங்கே தொங்கும் சரிகை அங்கியை இன்று வந்தியத்தேவன் அணிவான். நாளை பாண்டியன் நெடுஞ்செழியன் அணிவான். யார் அணிந்தாலும் அது ஒரு பொது அரசனாகவே தோன்றும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் புத்தகத்தை எடுத்து, அந்த மாந்தர் முதன்முதலாகத் தோன்றும் பக்கத்தையும், அவர் வாழ்வில் பெரிய திருப்பம் நிகழும் பக்கத்தையும் மீண்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். படிக்கும்போது உடல், தலைமுடி, உடை, கையிலுள்ள பொருள் ஆகிய நான்கைப் பற்றி ஆசிரியர் சொல்லும் சொற்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டால், வேடத்துக்கு வேண்டியவற்றில் பாதி கிடைத்துவிடும்.

சில நூல்களில் இந்த வேலையை ஆசிரியரே செய்து வைத்திருக்கிறார். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவைக்கு நீதி கேட்டு வரும் கண்ணகியின் தோற்றத்தை இளங்கோவடிகள் நான்கே குறிப்புகளில் முடித்துவிடுகிறார்: மேனியில் புழுதி, விரிந்த கருங்கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். மேடையில் நாம் காணும் கண்ணகிகளோ பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் அணிந்து, அப்போதுதான் திருமண வீட்டிலிருந்து புறப்பட்டவர்களைப் போல நிற்கிறார்கள். கணவனை இழந்து மதுரைத் தெருக்களில் நடந்து வந்தவளுக்கு அந்த நகைகள் எதுவும் பொருந்தாது. சாயம் மங்கிய பருத்திச் சேலை போதும். கைகளிலும் பாதங்களிலும் சிறிது முல்தானி மட்டியை உலர்ந்த நிலையிலேயே பூசினால் புழுதியின் தோற்றம் கிடைக்கும். தோலுக்கும் பெரும்பாலும் கேடில்லை.

இந்த வேடத்தில் உழைப்பெல்லாம் சிலம்புக்கே செல்ல வேண்டும். சிலம்பு உள்ளீடற்றது என்பதும், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரலும் அரசியின் சிலம்பில் முத்துப் பரலும் இருந்தன என்பதும்தான் வழக்கையே தீர்த்து வைக்கின்றன. எனவே கடையில் வாங்கும் கொலுசைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஓரங்குலப் பருமனுள்ள, எளிதில் வளையும் பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான துண்டை வெட்டி, உள்ளே பெரிய சிவப்பு மணிகள் பத்தைப் போட்டு, வளைத்து, இரு முனைகளையும் ஒரே சுற்று ஒட்டுநாடாவால் சேர்த்து, மேலே பொன்னிறத் தாளைச் சுற்றுங்கள். இணைப்பின் மேல் மட்டும் தாளைத் தளர்வாக விட்டால், மேடையில் குழந்தை சிலம்பை ஓங்கித் தரையில் தட்டும்போது அது பிரிந்து மணிகள் சிதறும். என் அண்ணன் மகளுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். முதல் ஒத்திகையில் ஒட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றியிருந்ததால் சிலம்பு உடையவே இல்லை, குழந்தை அழுதுவிட்டாள். ஆகவே ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன், வேடம் அணிய விரும்புவோருக்கு ஒரு பெருஞ்செல்வம். ஆழ்வார்க்கடியான் நம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டையான, உறுதியான உடல், முன்குடுமி, மேனி முழுவதும் சந்தனத்தால் இட்ட நாமம், கையில் குறுந்தடி என்று கல்கி அவனைக் கண்முன் நிறுத்திவிடுகிறார். வயிற்றில் ஒரு துண்டை மடித்துக் கட்டி, அதன் மேல் வேட்டியை இறுக்கிக் கட்டினால் உடலமைப்பு வந்துவிடும். தலையோடு ஒட்டிய தொப்பியில் கறுப்பு உல்லன் நூலை நெற்றிக்கு மேலே முடிந்து தைத்தால் முன்குடுமி தயார். நாமத்துக்குச் சாக்குக்கட்டியைக் கரைத்துப் பூசுவதை விட, அரைத்த சந்தனத்தையே பயன்படுத்துங்கள். முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்து, அரிப்பில்லை என்றால் மட்டும் உடலில் இடலாம்.

பெரிய பழுவேட்டரையருக்கு மீசையைப் பெரிதாக ஒட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அவரது பெருமை அவர் மேனியிலுள்ள 64 விழுப்புண்களில் இருக்கிறது. கண்மையையும் குங்குமத்தையும் தேங்காயெண்ணெயில் குழைத்து, மார்பிலும் தோள்களிலும் குறுக்குக் கோடுகளாக இழுத்துவிட்டால், கதையைப் படித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கூடவே பனைமரம் வரைந்த சிறு கொடி ஒன்றைப் பிடித்தால் ஐயத்துக்கே இடமில்லை. வந்தியத்தேவனுக்கு வாள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அவன் இடுப்பில் சுமந்து வரும் ஓலை. அட்டையில் செய்த வாளோடு, தேயிலைச் சாற்றில் நனைத்துக் காயவைத்த தடித்தாள் சுருளையும் இடைக்கச்சையில் செருகிவிடுங்கள்.

குந்தவையும் நந்தினியும் ஒரே மேடையில் வரும்போதுதான் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். இருவரையும் அருகருகே நிறுத்தி ஒப்பிடும் இடத்தில், நந்தினி ஆண்டாளைப் போலக் கொண்டையிட்டு மலர்ச் செண்டுகளைச் சூடியிருப்பதாகவும், குந்தவையின் கூந்தலே மணிமகுடம் போல அமைந்திருப்பதாகவும் கல்கி எழுதுகிறார். எனவே நந்தினிக்குப் பக்கவாட்டில் சாய்ந்த கொண்டையும் நிறையப் பூவும் வேண்டும். குந்தவைக்கு உச்சியில் உயர்த்திக் கட்டிய கூந்தலே போதும், தனியாகத் தகரக் கிரீடம் வேண்டியதில்லை. வரலாற்றுக் குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த அணிகலன்கள், எடையோடும் முத்துகளின் எண்ணிக்கையோடும் கோயில் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. அதனால் நகை அணிவித்தே ஆக வேண்டும் என்று விரும்புவோர் முத்து மாலைகளைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

புத்தகம் சொல்லாமல் விட்ட இடங்களுக்கு, திரைப்படத்துக்கு முன்பாகச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் அவற்றை நேரில் காணலாம். ஆடை காலோடு ஒட்டி மடிப்பு மடிப்பாக விழுவதையும், இடையில் கச்சை முடிந்திருப்பதையும் அங்கே கவனித்துக்கொண்டால், வீட்டிலுள்ள கைத்தறிச் சேலையிலேயே அதைக் கொண்டுவர முடியும். புடைத்த கைவைத்த ரவிக்கையைத் தவிர்த்து, சேலையின் நிறத்திலேயே எளிய ரவிக்கை அணிவியுங்கள். தொடர் வெளிவந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களும் நல்ல துணை. ஆனால் ஓவியமும் எழுத்தும் முரண்பட்டால் நான் எழுத்தின் பக்கமே நிற்பேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பாகவே முழு வேடத்தையும் அணிவித்து, அரை மணி நேரம் உட்காரவும் நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் விடுங்கள். எங்கே குத்துகிறது, எது நழுவுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். குழந்தை மேடையில் சொல்ல வேண்டியதை நீங்கள் எழுதிக் கொடுக்காமல், கோடிட்ட அந்தப் பக்கத்திலிருந்து இரண்டே வரிகளை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஊக்கு, ஒட்டுநாடா, கூடுதல் சந்தனம், கண்ணகியாக இருந்தால் இன்னொரு சிலம்பு ஆகியவற்றை ஒரு துணிப்பையில் போட்டு, அன்று காலை கையோடு எடுத்துச் செல்லுங்கள்.