ரூபிளைப் பார்த்து ஏமாறாமல் ரஷ்யா மீதான தடைகளை எடைபோடுவது எப்படி?

தடைகள் வேலை செய்கின்றனவா என்று தெரிய வேண்டுமானால், முதலில் ரூபிளின் மதிப்பை ஓரமாக வையுங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கியதும் ரூபிள் தலைகுப்புற விழுந்து, மார்ச்சில் டாலருக்கு 120-ஐத் தாண்டியது. ஜூனிலோ 60-க்கும் கீழே, அதாவது போருக்கு முன்பைவிட வலுவாக நின்றது. உடனே தடையெல்லாம் புஸ்வாணம் என்று பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து மே வரை ஏற்றுமதியாளர்கள் சம்பாதித்த அந்நியச் செலாவணியில் 80 சதவீதத்தை விற்றே ஆகவேண்டியிருந்தது, மக்கள் டாலர் வாங்கக் கட்டுப்பாடு இருந்தது, இறக்குமதியும் படுத்திருந்தது என்றால் ரூபிள் ஏறாமல் என்ன செய்யும்?

வட்டி விகிதத்தைப் பாருங்கள், அது அவ்வளவாகப் பொய் சொல்லாது. ரஷ்ய மத்திய வங்கி பிப்ரவரி 28 அன்று அதை 9.5-லிருந்து 20 சதவீதமாக்கியது, பிறகு மெல்லக் குறைத்தது, 2024 அக்டோபரில் 21-க்கே கொண்டுபோனது. போர்ச் செலவு விலைவாசியை எப்படித் தள்ளுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

அப்புறம் எண்ணெய். உலகச் சந்தைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் விலையை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் ரஷ்யா ஏற்றுமதி செய்யும் யூரல்ஸ் எண்ணெயின் விலையையும் எழுதிக்கொள்ளுங்கள். இடைவெளிதான் ரஷ்யா தரும் தள்ளுபடி, இந்திய சுத்திகரிப்பு ஆலைகளை இழுத்ததும் அதுவே. ரஷ்ய எண்ணெய்க்கு மேற்கு நாடுகள் 2022 டிசம்பரில் விதித்த, பீப்பாய்க்கு 60 டாலர் என்ற விலை உச்சவரம்பு கடித்ததா என்பதையும் யூரல்ஸ் விலையை வைத்தே பாருங்கள்.