பாட்டைப் படித்துவிட்டு வாசலுக்குப் போங்கள்

முதல் வருடம் நான் செய்தது சுத்த அசட்டுத்தனம். மார்கழி பிறந்த அன்றே 4 மணிக்கு அலாரம், பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளியல், திருப்பாவையின் 30 பாசுரத்தையும் ஒரே மூச்சில் சொல்வது, அப்புறம் பெரிய புள்ளிக் கோலம். ஆறாம் நாள் சளி பிடித்துப் படுத்தேன். பாட்டுப் புத்தகம் ஃபிரிட்ஜ் மேல் போனது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் திரும்பக் கைக்கு வந்தது.

மறுவருடம்தான் பிடி கிடைத்தது. நாளைக்கு ஒரே பாட்டு. படித்ததும் வெளியே போய், அந்தப் பாட்டில் வருகிற ஏதாவது ஒன்றைத் தேட வேண்டும். பறவை, மாடு, மேகம், நட்சத்திரம், எதுவானாலும் சரி. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். அவ்வளவுதான் முறை. ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். நாள் முழுக்க ஆபீசில் யார் எரிந்து விழுந்தாலும், காலையில் அந்தப் பத்து நிமிடம் என் கணக்கில் ஏறிவிட்டது என்று ஒரு தெம்பு.

தொடங்க மார்கழிதான் வசதி. டிசம்பர் 16 வாக்கில் மாதம் பிறக்கும். திருப்பாவையில் 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. மாதம் 29 நாளில் முடிந்துவிட்டால் கடைசி நாளில் இரண்டு. சைவ வீடுகளில் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் 30. எங்கள் ஆச்சி இரண்டையும் கலந்துகட்டிச் சொல்வாள். எனக்கும் அந்தப் பேதம் கிடையாது.

எழுந்திருக்க 5:30 போதும். மார்கழியில் சென்னையில் சூரியன் வர 6:20க்கு மேல் ஆகும்; 5:30க்கு நல்ல இருட்டுதான். பல்லைத் தேய்த்துவிட்டு, காபிக்கு முன்னால், பாட்டை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். புரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. உரையை அப்போது திறக்க வேண்டாம், இரவு பார்த்துக்கொள்ளலாம். செல்போனைக் கையில் எடுக்காதீர்கள். அதில் பாட்டைத் தேடப் போனவள் அரை மணி நேரம் புடவை விளம்பரம் பார்த்த கதை என்னுடையது.

7ஆம் பாட்டில் ‘கீசு கீசென்று எங்கும் ஆனைச்சாத்தன்’ என்று வரும். ஆனைச்சாத்தன் யாரோ ஊர்ப் பெரியவர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உரையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது கரிச்சான் குருவி. மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே, கறுப்பாக, வால் இரண்டாகப் பிளந்து, அதேதான். விடிவதற்கு முன்பே குரல் கொடுக்கிற ஜாதி. மறுநாள் மொட்டை மாடியில் போய் நின்றேன். தாம்பரத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதன் மேல் கேபிள் கம்பி. 5:50 இருக்கும். இருட்டுக்குள்ளிருந்து ஒன்று கத்தியது. எதிர்வீட்டு ஆண்டெனாவிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. முதலாவது விடவில்லை, மறுபடி. அதே பாட்டில் அடுத்து வரும் ‘கலந்து பேசின பேச்சரவம்’ என்றால் என்ன என்பதற்கு அதற்கு மேல் உரை வேண்டுமா? அந்த வீட்டுக்குக் குடிவந்து அப்போது நான்கு வருடம். அது என் காதில் விழுந்ததே இல்லை.

8ஆம் பாட்டு எனக்குச் சின்ன வயதுச் சண்டை. ‘எருமை சிறுவீடு மேய்வான் பரந்தன காண்.’ எங்கள் ஊர் தாமிரபரணிக் கரை. அங்கே மார்கழி முழுக்க வாசலில் சாண உருண்டை வைத்து அதில் பூசணிப் பூ செருகுவோம். பிறகு அதைப் பூவோடு தட்டிக் காயவைத்து, தை மாதம் சிறுவீட்டுப் பொங்கலன்று ஆற்றில் விடுவோம். மண்ணால் ஒரு குட்டி வீடு கட்டி, அதன் முன்னால் சிறுமிகள் பொங்கல் வைப்பதுதான் சிறுவீட்டுப் பொங்கல். “எருமை எதுக்கு ஆச்சி நம்ம சிறுவீட்டை மேய வருது?” என்று கேட்டேன். “வரும், வரும், நீ காவல் இரு” என்றாள். காவல் இருந்தேன்! உண்மையில் பால் கறப்பதற்கு முன்னால், பனி படிந்த புல்லைக் கொஞ்ச நேரம் மேய்ந்து வர மாட்டை அவிழ்த்து விடுவதுதான் அந்தச் சிறுவீடு. தாம்பரத்தில் எருமைக்கு எங்கே போவது? அன்றைக்குப் புல்லில் பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

13ஆம் பாட்டுக்கு வானம். ‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று’ எல்லா வருடமும் வாய்க்காது. சில மார்கழியில் வெள்ளி மாலையில்தான் தெரியும். ஏமாற்றமாக இருந்தால் வடக்கே திரும்புங்கள். பாதி உயரத்தில் அகப்பை மாதிரி சப்தரிஷி மண்டலம் நிற்கும். பிடியில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. நகரத்து வெளிச்சத்தில் அருந்ததியைப் பார்ப்பது கஷ்டம், ஊருக்குப் போனால் தெரிவாள்.

கோலம் போட்டே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஆனால் கைக்கும் ஒரு வேலை இருந்தால் மனசு அலையாது. அடுக்குமாடி டைல்ஸில் உலர்ந்த மாவு நிற்காது. என் கோலப்பொடி வழுக்குகிறது என்று ஒரு புகாரே வந்தது. அதிலிருந்து மாக்கோலம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பருத்தித் துணியை அதில் முக்கி, கைக்குள் வைத்து லேசாக அழுத்தினால் மோதிர விரல் வழியே மாவு வடியும். விரல் போகிற வழியில் கோடு. போடும்போது ஒன்றுமே தெரியாது, தண்ணீர் கோடு போலத்தான் இருக்கும். தப்பு பண்ணிவிட்டோமோ என்று தோன்றும். காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள், காய்ந்து பளிச்சென்று வெள்ளை. ஐந்து புள்ளி போதும். எறும்பு வந்தால் விரட்ட வேண்டாம், அதற்கும் சேர்த்துத்தான் அரிசி மாவு.

நடுவில் ஒரு நாள் தவறிப்போனால் விட்ட பாட்டைச் சேர்த்துப் படிக்காதீர்கள். இன்றைய தேதிக்கு எந்தப் பாட்டோ அது. பாக்கி வைத்தால் சீக்கிரம் கடன்காரர் மாதிரி ஆகிவிடுவோம்.

தை பிறந்ததும் பலர் விட்டுவிடுவார்கள். நான் குறுந்தொகைக்குப் போவேன். எல்லாம் குட்டிப் பாட்டு, பெரும்பாலும் 4 அடியிலிருந்து 8 அடிக்குள். வரிசையாகப் படிக்காமல் பருவம் பார்த்துப் படியுங்கள். முல்லைக்குக் கார்காலம், ஆவணியும் புரட்டாசியும். மாலையில், மழை விட்ட நேரத்தில். குறிஞ்சிக்கு ஐப்பசி முதல் தை வரை, ராத்திரி படுக்கப் போகும்போது. பாலைக்கு வெயில் காலம், நடுப்பகல். ஏ.சி. அறையில் உட்கார்ந்து பாலைப் பாட்டு படித்தால் ஒன்றும் ஏறாது.

பங்குனிக் கடைசியில் வேப்பம்பூ உதிர ஆரம்பிக்கும். பழைய வேட்டி ஒன்றை ராத்திரியே மரத்தடியில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வையுங்கள். காலையில் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் பூ நடுவில் குவியும். காம்பையும் சருகையும் பொறுக்கிவிட்டு, மண் போக அலசி, மாடியில் இரண்டு மூன்று வெயில். கொஞ்சம் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு, மிச்சம் ரசத்துக்கு டப்பாவில். காயவைக்கும்போது குறுந்தொகையின் 24ஆம் பாட்டை எடுத்துக்கொண்டு போவேன். கருங்கால் வேம்பு பூத்துவிட்டது, அவன் இன்னும் வரவில்லை, இந்தப் பூ வீணாகவே போய்விடுமோ என்கிறாள் ஒருத்தி. ஊர்வாயில் அகப்பட்டவள் வேறு. ஏழு நண்டு மிதித்த ஒற்றை அத்திப்பழம் போலக் குழைந்து கிடக்கிறாள். காற்று வந்தால் பூ பறந்துவிடும், மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மூடிவிட்டுப் படியுங்கள்.